முதல் நாட்டின் அம்மா

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு வாய்மொழித் தேர்வில், “முதல் நாட்டின் அம்மா இறந்துவிட்டார்” என்று சொல்லிவிட்டேன். அது சர்வதேசச் சட்டத் தேர்வு. நாட்டுக்கு எல்லை உண்டு, கொடி உண்டு, கடன்கூட உண்டு; அம்மா கிடையாது. பன்னிரண்டு வாரம் படித்தவனுக்கு அதுகூடவா தெரியாது? நாக்கு புரண்டுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியை சிரித்திருந்தால் நானும் கூடச் சிரித்துச் சமாளித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்கள், இவன் எப்போது வக்கீலானான் என்று கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. கூடலூரிலிருந்து குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன அதே ஜீப் டிரைவர்தான். பிறகு மஸ்கட்டில் ஒரு தூதரக அதிகாரி வீட்டில் கார் ஓட்டினேன். அவருக்கு வியன்னாவுக்கு மாற்றல் வந்தபோது என்னையும் கூட்டிவந்தார். மனைவியையும் மகளையும் வரவழைத்துக்கொண்டேன். நாலைந்து வருடத்தில் அதிகாரி வேறு நாட்டுக்குப் போய்விட்டார், நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். இப்போது வேறொரு நாட்டின் தூதரகத்தில் ஓட்டுகிறேன். எந்த நாடு என்று எழுதினால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள், அதனால் கேட்காதீர்கள்.

ஓட்டுநர் வேலையில் ஓட்டுவது கால் பங்கு, காத்திருப்பது முக்கால் பங்கு. கூடலூர் ஜீப் ஸ்டாண்டிலும் காத்துத்தான் கிடந்தோம். ஆனால் அங்கே டீக்கடை இருக்கும், வம்பு இருக்கும், ஒருவன் வாயை இன்னொருவன் கிண்டிக்கொண்டிருப்பான். இங்கே தூதர் விருந்துக்குள் போனால் நான் வண்டிக்குள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் என் மூச்சு எனக்கே கேட்கும். என் மனைவி ஜெயா ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் போய்விடுவாள், நான் வீடு திரும்பும்போது தூங்கியிருப்பாள். எங்கள் இல்லற வாழ்க்கை பெரும்பாலும் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில் நடக்கிறது. “ரசம் இருக்கு. கயலுக்குப் பல்லு டாக்டர் வியாழன்.” இப்படி.

தூதரகங்களில் சில்லறை வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு மாலை வகுப்பு நடப்பதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். சர்வதேசப் பொதுச் சட்டமும் தூதரகச் சட்டமும், அடிப்படை மட்டும், ஆங்கிலத்தில். உடனே பேர் கொடுத்தேன். அறிவுத் தாகம் என்று சொன்னால் அது பொய். வாரத்தில் ஒரு மாலை நேரமாவது நாலு மனிதர்கள் இருக்கிற அறையில் உட்காரலாம் என்று போனேன்.

2

முதல் வகுப்பிலேயே என் நெடுநாள் நம்பிக்கை ஒன்று உடைந்தது. தூதரகம் நிற்கும் இடம் அந்தத் தூதரின் நாட்டு மண் என்றே நான் நினைத்திருந்தேன். தினமும் காலையில் ஒரு கேட்டைத் தாண்டி வேறொரு தேசத்துக்குள் போய்வருவதாக ஊருக்குப் போன் போட்டு அளந்திருக்கிறேன். அது கிடையாதாம். மண் இந்த நாட்டு மண்தான். ஆனால் தூதுக் குழுவின் தலைவர் சம்மதிக்காமல் இந்த நாட்டுப் போலீஸ் உள்ளே கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

“இடம் ஒருவருடையது, உரிமை இன்னொருவருடையது. இது உங்களுக்குக் குழப்பமாக இருக்கலாம்” என்றார் ஆசிரியை இங்கிரிட். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும், எனக்கு நாற்பத்தெட்டு. நான் கையைத் தூக்கினேன். “எங்களுக்குக் குழப்பமே இல்லை மேடம். எங்கள் ஊருக்கு மேலே ஒரு அணை இருக்கிறது. நிலம் பக்கத்து மாநிலத்தில், குத்தகை எங்களுக்கு. தண்ணீர் மலையைக் குடைந்து லோயர் கேம்ப் வழியாக எங்கள் வயலுக்கு வரும்” என்றேன். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு இதெல்லாம் தாய்ப்பாலோடு வந்த பாடம். இங்கிரிட் அதைப் பலகையில் எழுதிப் படம் வேறு போட்டார். பன்னிரண்டு வாரத்தில் வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

தூதரக வண்டியைச் சோதனை போடக் கூடாது என்று படித்த அன்று எனக்குக் குமுளி செக்போஸ்ட் ஞாபகம் வந்தது. என் ஜீப்பை அங்கே குனிந்து பார்ப்பார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள். “எந்தா சேட்டா, சுகமல்லே?” என்று ஒரு மலையாளத்தைப் போட்டால்தான் தடுப்புக் குச்சி மேலே போகும். இங்கே என் வண்டியின் எண் பலகையைப் பார்த்ததும் போலீஸ்காரர் ஒதுங்கி நிற்கிறார். மரியாதை பலகைக்கு. ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை பேசக்கூட ஆள் கிடையாது. குமுளிச் சோதனையே தேவலாம் என்று தோன்றும் நாட்கள் உண்டு.

வீட்டில் என் மகள் கயலின் அறையும் இப்போது தூதரகம்தான். அவளுக்குப் பதினாறு வயது. தட்டி, அனுமதி கேட்டு, கிடைத்தால் நுழையலாம். உள்ளே ஜெர்மனில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். பாடப் புத்தகத்தில் புரியாத இடத்தைக் காட்டினால் பொறுமையாக விளக்குவாள், நான் உச்சரிப்பதைத் திருத்துவாள். வேலை முடிந்ததும், “வேற ஒண்ணும் இல்லியே ப்பா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

எட்டாவது வாரம் வரை எல்லாம் விளையாட்டாகத்தான் போனது. எட்டாவது வாரம் இங்கிரிட் வாக்குறுதி பற்றிப் பாடம் எடுத்தார். ஒரு நாடு தானாக முன்வந்து, பலர் அறிய, கட்டுப்படும் எண்ணத்தோடு ஒரு வாக்குக் கொடுத்தால் அது அந்த நாட்டைக் கட்டும். ஒப்பந்தம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், எதிர்த் தரப்பு எதுவும் திருப்பித் தரவும் வேண்டாம். சொன்னதை நம்பி மற்றவர் காத்திருக்கலாம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வந்து எழுப்பிவிட்டார்.

3

நாலு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் ஒரு விடிகாலை, எங்கள் அம்மா போய்விட்டாள். அண்ணன்தான் போன் செய்தார். நாங்கள் இரண்டே பேர், அவர் மூத்தவர், நான் கடைசி. எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்குக் கடைக்குட்டி. அப்பாவுக்கு அண்ணன் வைத்துவிட்டார். அம்மாவுக்கு நான்.

“ஏலே, நீ வரணும்டா. ஒனக்குத்தான் அது” என்றார் அண்ணன்.

“வந்துர்றேண்ணே. எடுத்துறாதீக. எத்தன நேரமானாலும் வைங்க, நான் வந்துருவேன்.”

அவர் அதை அங்கே பந்தலில் இருந்தவர்களிடம் உரக்கச் சொல்வது எனக்குப் போனிலேயே கேட்டது. “சின்னவன் வர்றானாம். வைக்கச் சொல்றான்.”

அலமாரியைத் திறந்து பெட்டியை இறக்கினேன். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன். துணிகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பொறுக்கமாட்டாமல் வீடியோவில் அண்ணனை அழைத்தேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு மேலே அவர் போனைப் பிடித்தார். அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசி ஒரு ரூபாய்க் காசு வைத்திருந்தார்கள். பிறகு அண்ணன் போனைத் தன் பக்கம் திருப்பினார். கையில் இருந்ததைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் எடுக்கப் போகும் வழியில்தான் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதி தரும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று நுழைந்தேன். என்னைக் கூட்டிவந்த அதிகாரி அப்போதுதான் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் பேரில் எனக்கிருந்த அடையாள அட்டை முடிந்துவிட்டது, புது அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த நேரம். கவுண்டரில் இருந்த பெண் தன்மையானவர். என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் கொடுத்தார். “நீங்கள் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அனுமதி வருவதற்கு முன்னால் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் விழுந்துவிடும். திரும்பி வர முடியும் என்று என்னால் சொல்ல முடியாது” என்றார். மேலதிகாரியைக் கேட்டுப் பார்க்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். கயலுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் அப்போதுதான் ஒட்டியிருந்தாள். ஜெயா பேக்கரியில் சேர்ந்து இரண்டு மாதம். நான் போனால் இந்த மூன்று பேர் வாழ்க்கையும் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான். அம்மாவா, இதுவா என்று தராசு வைத்தேன். இப்படி எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் வைத்தேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ‘பாஸ்போர்ட் இருக்கிறது, போகவும் விடுகிறார்கள், நான்தான் பயப்படுகிறேன்’ என்று எப்படிச் சொல்வது? “பாஸ்போர்ட்ட புதுப்பிக்கக் குடுத்து மூணு வாரமாச்சுண்ணே, இன்னும் கைக்கு வரல. நாளைக்குத் தாரேன்னுருக்காக. இன்னும் ஒரு நாள் வைங்க” என்றேன். நாளைக்கு மேலதிகாரி இரக்கப்பட்டு ஏதாவது முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால், இந்தப் பொய் பொய்யாகவே இருக்காது என்று ஒரு நப்பாசை.

அண்ணன், “சரி” என்றார்.

நம் பக்கத்தில் தெருவில் பிணம் கிடந்தால் அந்தத் தெருவில் அடுப்பு எரியாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் இரண்டு பகல் அடுப்பு எரியவில்லை. பச்சைப் பிள்ளைகளுக்கும், மூன்றாம் வீட்டில் நிறைமாதமாக இருந்த பெண்ணுக்கும் மேலத் தெருவிலிருந்து தூக்குச் சட்டியில் சோறு வந்ததாம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய ஆட்கள் எல்லாம் எனக்காகப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டுக்காரர்கள் அடித்து ஓய்ந்து, படுத்து எழுந்து மறுபடியும் அடித்தார்கள்.

மறுநாள் மேலதிகாரியும் அதையேதான் சொன்னார். சாயங்காலம் போன் போட்டு, “முடியலண்ணே, இன்னும் குடுக்கல. நீங்களே வச்சிருங்க” என்றேன். மூன்றாம் நாள் காலையில் எடுத்தார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த கைதான் அம்மாவுக்கும் வைத்தது.

4

அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், ‘அவன் இனிமே இங்கன கால் வைக்க வேணாம்’ என்று மதினியிடம் சொல்லி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. தூதரகச் சட்டத்தில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு தூதரை வேண்டாதவர் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம், ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதைப் படித்தபோது, அண்ணன் எந்த வகுப்புக்கும் போகாமலே சட்டப்படிதான் நடந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாடுகள் உறவை முறித்துக்கொண்டால் மூன்றாவது நாடு ஒன்று இடையில் நின்று காரியங்களைப் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு மதினிதான் அந்த நாடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் வயலுக்குப் போன நேரம் பார்த்துப் போன் எடுப்பார்.

“தம்பி, சாப்டீகளா? ஜெயா எப்படி இருக்கா? இங்கன நல்ல சாரல். இவுக காலைலயே வரப்பு வெட்டப் போயிட்டாக.”

“அண்ணே எதுவும் கேட்டாகளா மதினி?”

“கேக்காம என்ன... கேப்பாக” என்று இழுப்பார். மதினிக்குப் பொய் சொல்ல வராது.

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்பார்கள் நம் ஊரில். ஜென்மப் பகையாளிகூடச் சாவுக் கேதத்துக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவான். சொந்த மகன் வராத கேதம் எங்கள் வீட்டுக் கேதம்தான். யாருக்கும் நேரில் முகம் கொடுக்க முடியாத ஆள் எங்கே இருந்தால் என்ன? அதனால் இங்கே தனியாக இருப்பது எனக்குப் பொருத்தம்தான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாடுகளுக்குப் பேச்சுவார்த்தையே இல்லாதபோதும், அந்த நாடுகளின் டிரைவர்கள் இரண்டு பேர் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே பிளாஸ்கில் காபி ஊற்றிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சோறு இறங்காது.

போன மாதம் கயலிடம், “அப்பத்தா செத்த சமயம் ஒனக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “அந்த வீக்தானே எங்களுக்கு ஸ்கூல் ட்ரிப்? ஏரிக்குப் போனோம்” என்றாள். அவள்மேல் குற்றமில்லை. அவளை அந்த ஏரிக்கு அனுப்பத்தான் நான் இங்கே இருந்தேன். அது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனாலும் எழுந்து போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

5

செவ்வாய்க்கிழமைத் தேர்வுக்கு வருகிறேன். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். இங்கிரிட் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அதில் ஒரு கணக்கு. இரண்டாம் நாடு, ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்வதாகப் பகிரங்கமாக அறிவிக்கிறது. அதை நம்பி முதல் நாடு காத்திருக்கிறது. இரண்டாம் நாடு செய்யவில்லை. முதல் நாட்டுக்கு இழப்பு. வாக்குக் கட்டுமா, தப்பிக்க வழி உண்டா, என்ன பரிகாரம்?

வகுப்பில் எட்டாம் வாரம் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். வாக்குக் கட்டும் என்றேன். முதல் நாடு நம்பியது நியாயம் என்றேன். “முதல் நாடு இரண்டு நாள் காத்திருந்தது” என்றேன். தாளில் இரண்டு நாள் என்று எதுவும் இல்லை. இங்கிரிட் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான், “முதல் நாட்டின் அம்மா இறந்துவிட்டார்” என்று என் வாயிலிருந்து வந்தது.

அவர் பக்கத்தில் மார்க் போட உட்கார்ந்திருந்த இன்னொரு ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். இங்கிரிட் மட்டும் நிதானமாக, “இரண்டாம் நாடு என்ன காரணம் சொன்னது?” என்று கேட்டார்.

“தன் சக்தியை மீறிய நிலை. ஆவணம் கையில் இல்லை.”

“அந்தக் காரணம் நிற்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. நினைவிருக்கிறதா?”

நினைவிருந்தது. முடியவே முடியாததாக இருந்திருக்க வேண்டும். கஷ்டமாக இருந்தது, நஷ்டமாக இருந்தது என்பதெல்லாம் செல்லாது.

“முடியாததாக இருந்ததா, கஷ்டமாக இருந்ததா?” என்றார்.

வெளியே டிராம் ஒன்று வளைந்து போகிற சத்தம் கேட்டது. நாலு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஜெயா கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். மதினி கேட்கவில்லை, அவர் நம்பினார். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“கஷ்டமாக இருந்தது” என்றேன். “ஆவணம் கையில்தான் இருந்தது.”

“பரிகாரம்?”

“மூன்று வகை. பழைய நிலைக்குத் திருப்புவது. அது நடக்காது, எரித்தாகிவிட்டது. இழப்பீடு. அதற்கு இதில் விலை இல்லை. மூன்றாவது, செய்த தவறை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு வருத்தம் சொல்வது.”

“அது செய்யப்பட்டதா?”

“இல்லை.”

இங்கிரிட் ஏதோ எழுதினார். நான் தேறிவிட்டேன் என்று சொல்லிக் கை குலுக்கினார். கதவு வரை கூடவே வந்தார். தலையசைத்து அனுப்பிவைத்தார். நல்ல மார்க்தான். பிரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டினேன், “பாஸ்” என்று. மறுநாள் அதற்குக் கீழே ஜெயா ஒரு பூ வரைந்திருந்தாள்.

6

இன்றைக்கு அம்மாவின் திதி. சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. ஜெயா வேலைக்குப் போய்விட்டாள், கயல் தூங்குகிறாள். இங்கே காலை ஏழு மணி என்றால் ஊரில் பத்தரை. அண்ணன் வருடா வருடம் சுருளி அருவிக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வந்து, காக்காய்க்குச் சோறு வைத்த பிறகு, வீட்டில்தான் இருப்பார். மதினி போன் எடுக்காத நேரம் அது. இருந்தும் போட்டேன். மூன்றாவது தடவையில் எடுத்தார்.

“தம்பி, இவுக இங்கனதான் இருக்காக. நாளைக்குப் பேசுவமா?” என்று கிசுகிசுத்தார்.

“அவுக இருக்கும்போதுதான் மதினி பேசணும். ஸ்பீக்கர்ல போடுங்க.”

“பேச மாட்டாகளே தம்பி.”

“பேச வேணாம். கேட்டாப் போதும்.”

போன் எதன் மேலோ வைக்கப்படும் சத்தம் கேட்டது. பின்னால் தட்டு நகர்ந்தது. ஒரு செருமல். நாலு வருடம் கழித்துக் கேட்டாலும் அந்தச் செருமல் யாருடையது என்று தெரியாதா? நேற்றெல்லாம் மனதுக்குள் எழுதிவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை.

“அண்ணே, அன்னைக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ்ல இல்லண்ணே. என்ட்டதான் இருந்துச்சு. யாரும் என்னயப் புடிச்சு வைக்கல. வந்தா திரும்பி வர முடியாதுன்னாக, நான் பயந்துட்டேன். வையிங்கன்னு நான்தான் சொன்னேன், வராம இருந்ததும் நான்தான். தெருவே பட்டினி கெடந்துச்சு. என்னய மன்னிச்சிருங்க.”

மதினி, “ஆத்தாடி” என்றார். அங்கே வாசலில் யாரோ கோழி விரட்டினார்கள். துண்டித்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் நம் பக்கத்தில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நேருக்கு நேர் நின்றாலும் நடுவில் ஒருவரை வைத்து அவரிடம்தான் சொல்வார்கள். அண்ணன் மதினியிடம் சொன்னார்.

“அவன்ட்டச் சொல்லு. எனக்கு அன்னைக்கே தெரியும்னு.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“வீடியோவுல வந்தான்ல. கண்ணத் தொடச்சான்ல. தொடச்ச கைலதான் அது இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பொழுது சாயறதுக்குள்ள, குடுத்து மூணு வாரமாச்சுங்கிறான்.”

“அப்பொறம் ஏண்ணே...” என்று நானே கேட்டுவிட்டேன். “பொய்யின்னு தெரிஞ்சும் ஏண்ணே ரெண்டாம் நாளும் வச்சிருந்தீக?”

“சொல்லு அவன்ட்ட. பாஸ்போர்ட்டு கைல இருக்கறவன், மனசு மாறி வந்துருவான்னு நெனச்சேன்னு சொல்லு. அதுக்குத்தான் வச்சிருந்தேன்.”

நாலு வருடமாக நான் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் பொய்யை நம்பி அவர் காத்திருந்தார் என்று நினைத்து அதற்காக அழுதேன். அவர் பொய்யைத் தெரிந்துகொண்டே என்னை நம்பிக் காத்திருந்திருக்கிறார். எல்லோரும் எடுக்கச் சொன்னபோது, பாஸ்போர்ட் வரவில்லையாம் என்று அதே பொய்யைப் பந்தலுக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். தேம்பினேன். கயலின் அறைக் கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்று, போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லையே என்று கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அங்கே மறுபடியும் செருமல் கேட்டது. துண்டை உதறித் தோளில் போடும் சத்தம். வயலுக்குக் கிளம்புகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“ஏங்க, தம்பி அழுகுது. ஒரு வார்த்த பேசுங்க” என்றார் மதினி.

“நான் என்னத்தப் பேச?” என்றார் அண்ணன். வாசல் வரை போன குரல் அங்கேயே நின்றது. “அந்தப் பாஸ்போர்ட்டு இப்ப எங்கன இருக்குன்னு கேளு அவன்ட்ட.”

மதினி கேட்க வாயெடுப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“கைலதாண்ணே இருக்கு.”